மச்சான் கொடுத்த இடது கிட்னி

சோலைமலையின் வயிற்றில் வேலை செய்துகொண்டிருந்த கிட்னி அவருடையது அல்ல. அவர் மனைவி இந்திராணியின் அண்ணன் பூமிராஜ் கொடுத்தது. கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. இந்த ஒரு விஷயம் நினைவில் இருந்தால் போதும், மீதிக் கதையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என் பெயர் எஸ்தர் பாக்கியம். மதுரையில் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் பார்க்கிற டாக்டர். பதினொரு வருடமாக ஒரு குளிர்ந்த அறையில் உட்கார்ந்து ஊரார் வயிற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுதான் பிழைப்பு. அறை வாசலில் 'நோயாளி மட்டும் உள்ளே வரவும்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறோம். அதைச் சத்தமாகப் படித்துவிட்டு நாலு பேர் உள்ளே வருவார்கள். ஒருவர் நோயாளியின் செருப்பைப் பிடித்துக்கொள்வார், ஒருவர் ஃபைலைப் பிடித்துக்கொள்வார், மற்ற இருவரும் திரையைக் காட்டி, "அந்தக் கருப்பா இருக்குறது என்னங்க டாக்டர்?" என்று முகம் வெளிறிக் கேட்பார்கள். அது பித்தப்பை. எல்லோருக்கும் உண்டு.

சோலைமலை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த பஸ் எப்போது கிளம்ப வேண்டும் என்று டிரைவர்களிடம் கத்துகிற வேலை. நாள் முழுக்கக் கத்துகிறவர் ஸ்கேன் அறையில் மட்டும் பரம சாது. நான் புது மருந்தை ஊசியில் ஏற்றுவதைப் படுத்தபடியே பார்த்தார்.

"பால் மாதிரி இருக்கே, என்னங்க அது?"

"குமிழி. உள்ள கொஞ்சூண்டு வாயு, வெளிய மெல்லிசா ஒரு தோல். கோடிக்கணக்குல இருக்கு. ஒவ்வொண்ணும் உங்க ரத்த அணுவ விடச் சின்னது."

"ரத்தத்துல காத்து ஏறுனா ஆளே போயிருவாங்கன்னு சொல்வாங்களே," என்றார் இந்திராணி. கையில் ஃபைல்.

"அது பெரிய காத்தும்மா. இது பத்து நிமிஷத்துல மூச்சோட வெளிய போயிரும். இந்தத் தோல் மேல குட்டிக் குட்டியா கொக்கி வெச்சிருக்காங்க. கிட்னிக்குள்ள ரகளை ஆரம்பிச்சா அங்க இருக்குற ரத்தக்குழாய்ச் சுவர்ல ஒரு பொருள் முளைக்கும். உடம்போட காவல்காரங்கள 'இங்க வந்து இறங்குங்க'ன்னு கூப்புடுற பொருள். இந்தக் கொக்கி அத மட்டும்தான் பிடிக்கும். அப்படிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற குமிழி மேல ஸ்கேன் அலை பட்டா அதிரும். திரையில மஞ்சளாத் தெரியும்."

"மஞ்சள் தெரிஞ்சா நல்லதுங்களா?"

"கல்யாணத்துல நல்லது. கிட்னில நல்லதில்ல."

முன்பெல்லாம் மாற்றுக் கிட்னியை உடம்பு ஏற்றுக்கொண்டதா என்று தெரிய, நீள ஊசியை விட்டுத் துணுக்கு கிள்ளி எடுத்துச் சோதிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து, போன வாரம் என்ன நடந்தது என்று தெரியும். இந்தக் குமிழிகள் வந்த பிறகு, நிமிடத்துக்கு நிமிடம் கிட்னியின் முகத்தைப் பார்க்கலாம். அவ்வளவு நெருக்கமாகப் பார்த்தால் என்னென்ன தெரியவரும் என்று கண்டுபிடித்தவர்கள் யோசிக்கவில்லை.

அன்று முதல் மூன்று நிமிடம் திரை கறுப்பாக, சமர்த்தாக இருந்தது. அப்போது இந்திராணி கணவரிடம் சொன்னார்: "ஏங்க, பத்திரிகை வெச்சதுல இருந்து அண்ணன் போன எடுக்கவே மாட்டேங்குது."

கிட்னி மஞ்சளானது.

நான் கருவியைச் சந்தேகப்பட்டேன். ஜெல்லை இன்னும் கொஞ்சம் பிதுக்கித் தடவினேன். மஞ்சள் மெல்ல வடிந்தது. "எந்த அண்ணன்?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"எங்க மச்சான்தாங்க. பூமிராஜ் மச்சான்," என்றார் சோலைமலை. திரும்ப மஞ்சள்.

எத்தனையோ கிட்னிகளைப் பார்த்தாயிற்று. பேர் சொன்னால் திரும்பிப் பார்க்கிற கிட்னியை அன்றுதான் பார்த்தேன்.

என்ன விஷயம் என்று நான் கேட்டதும் இந்திராணி ஃபைலில் இருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து, "நீங்களும் கண்டிப்பா வந்துரணும்" என்று நீட்டினார். அவர்கள் மகள் மதிவதனிக்கு இன்னும் இருபது நாளில் கல்யாணம். பத்திரிகையின் உச்சியில், பிள்ளையாருக்கு அடுத்தபடியாக, தங்க எழுத்தில் இப்படி அச்சாகியிருந்தது: 'சிறுநீரகம் ஈந்த வள்ளல், எங்கள் குலம் காத்த தெய்வம் திரு. பூமிராஜ் அவர்களின் திருமுன்னிலையில்.' கீழே தாய்மாமன் என்ற இடத்தில் பூமிராஜின் தம்பி பெயர் மட்டும் இருந்தது.

"தாய்மாமன்ல மூத்தவர் பேரு இல்லையே?"

"ரெண்டு எடத்துல ஒரே பேரு வேணாம்னு பிரஸ்காரர் சொன்னாருங்க," என்றார் சோலைமலை. "அவரு தெய்வம். தெய்வத்தக் கொண்டுபோய் மாமன் வரிசையில நிக்க வைக்கலாமா?"

படங்களை எடுத்துக்கொண்டு டாக்டர் ரங்கநாதனிடம் போனேன்.

ரங்கநாதன் எங்கள் கிட்னி டாக்டர். என் சீனியர். கெட்டிக்காரர், ஆனால் அது அவருக்கு மிக நன்றாகத் தெரியும். அவர் எதைச் சொன்னாலும் நான் 'சரி சார்' என்பேன். பதினொரு வருடத்தில் வேறு வாக்கியம் எதையும் அவரிடம் நான் பேசியதாக நினைவில்லை.

படங்களைப் பார்த்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றினார். பெரிய கண்டுபிடிப்பு வரும்போது கழற்றுவார்.

"எஸ்தர், இது விசுவாசம். கிட்னி இடம் மாறிடுச்சு, ஆனா பழைய முதலாளிய மறக்கல. அவர் மனசு நொந்தா இதுக்குப் பொறுக்கல. மச்சான் திருப்தியா இருந்தா கிட்னி அடங்கிடும். புரியுதா?"

"சரி சார்."

"மாத்திரையக் கூட்டுறேன். அதோட, அந்த மச்சான் என்ன கேட்டாலும் செய்யச் சொல்லுங்க. இத நாம கட்டுரையா எழுதணும்."

"சரி சார்."

இப்போது நினைத்தாலும் எனக்கு என் மீதே கோபம் வருகிறது.

டாக்டர் சொல்லிவிட்டார் என்றால் நம் ஊரில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. அன்று மாலையே சோலைமலை தாம்பாளத்தில் பழத்தோடு மச்சான் வீட்டுக்குப் போனார். பூமிராஜ் பந்தல், மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். என்ன கோபம் என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. "பத்திரிகை அடிச்சிருக்கான் பத்திரிகை," என்று மட்டும் சொல்லிவிட்டு ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாராம். சோலைமலை யோசித்துப் பார்த்து, எழுத்து சின்னதாகப் போய்விட்டது என்ற முடிவுக்கு வந்தார். மொத்தப் பத்திரிகையையும் திரும்ப அடித்தார்கள். இந்த முறை பூமிராஜின் புகைப்படமும் இருந்தது. தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் இருந்தது. பிள்ளையார் ஓரத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த ஸ்கேனில் பாதிக் கிட்னி மஞ்சள்.

அதற்குப் பிறகு பூமிராஜ் தாமாகவே வர ஆரம்பித்தார். வந்தவர் கல்யாணத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். சமையல்காரரை மாற்றச் சொன்னார், மாற்றினார்கள். முகூர்த்தப் பட்டு அரக்கு வேண்டாம், பச்சை எடுங்கள் என்றார், எடுத்தார்கள். பந்தியில் பாயசம் கூடாது என்றார். பாயசம் இல்லாத கல்யாணச் சாப்பாட்டை மதுரை கண்டதில்லை, ஆனாலும் பட்டியலில் அடித்தார்கள். வரவேற்பில் இருபது அடி திரை கட்டி, கிட்னி மாற்றிய ஆபரேஷன் வீடியோவைச் சாப்பாட்டு நேரத்தில் ஓட்டப்போவதாகச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் எச்சில் விழுங்கினார்கள். சோலைமலை எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைச் சொன்னார்: "மச்சான் சொன்னா சரிதான்."

மச்சானின் திருப்திக்கு இனி செய்ய ஒன்றும் பாக்கியில்லை. அப்படியிருந்தும் ஒவ்வொரு ஸ்கேனிலும் மஞ்சள் கூடியது. ரத்தப் பரிசோதனையும் கூடவே கெட்டது.

"இப்படியே போனா பத்து நாள்ல கிட்னி கைய விட்டுப் போயிரும்," என்று ரங்கநாதன் என்னிடம் சொன்னார். "இன்னும் அதிகமா மரியாதை செய்யச் சொல்லுங்க."

"சரி சார்."

அன்று சோலைமலை சட்டைப் பொத்தானைப் போட்டபடி என்னைக் கேட்டார். "டாக்டர், இது போச்சுன்னா திரும்ப அந்த டயாலிசிஸ் மிஷின்ல போய்ப் படுக்கணுமில்ல? வாரத்துக்கு மூணு நாளு?"

"ஆமா."

"நாலு வருசம் படுத்தேங்க. பரவால்ல, படுத்துக்கிறேன். மக கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் மட்டும் ஓட்டிக் குடுங்க. அன்னைக்கு நான் நின்னுக்கிட்டு இருக்கணும்."

அவர் போன பிறகு கருவியைத் தேவைக்கு அதிகமாகத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை கடைசி ஸ்கேன். ரங்கநாதன் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். முதலாளியையே நேரில் வரவழைத்து, கிட்னி மேல் கை வைத்து ஆசீர்வதிக்கச் சொல்வது. அதைத் தாமே பார்க்க வேண்டும் என்று வந்தவரை, ஐசியூவில் இருந்து அழைத்துவிட்டார்கள். "ஆரம்பிங்க, வந்துடுறேன்," என்று ஓடினார்.

பூமிராஜ் உள்ளே வந்தார். வாட்டசாட்டமான ஆள். நுழைந்ததும் கூரையைப் பார்த்து, "ரூம்ல எக்கோ அடிக்குதே," என்றார். இந்திராணி அவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சோலைமலை படுத்தபடியே எழுந்திருக்கப் பார்த்தார். நான் அமுக்கிப் படுக்க வைத்து, குமிழியை ஏற்றி, அடிவயிற்றில் கருவியை வைத்தேன். கிட்னி முழுதாக மஞ்சள் பூத்து நின்றது.

"வணக்கம் மச்சான். நீங்க வந்தது எங்க பாக்கியம்," என்றார் சோலைமலை.

மஞ்சள் இன்னும் அடர்ந்தது.

பூமிராஜ் திரையையும் சோலைமலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"மாப்ள, இன்னொண்ணு யோசிச்சேன். பொண்ணத் தாரை வாத்துக் குடுக்குறது நானே குடுத்துடுறேன். ஒனக்கு ஒடம்புக்கு ஆகாது. நீ கீழ, மொத வரிசையில, ஃபேனுக்குக் கீழ உக்காந்து பாரு."

இந்திராணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

"மச்சான் சொன்னா..." என்று ஆரம்பித்தார் சோலைமலை. திரையில் பார்க்க முடியவில்லை, அவ்வளவு மஞ்சள். வாக்கியம் பாதியில் நின்றது. அவர் வயிறு என் கைக்குக் கீழே கல்லாக இறுகியது.

"முடியாது," என்றார்.

கிட்னியின் மேல் ஓரத்தில் ஒரு துண்டு கறுத்தது. நான் முன்னால் குனிந்தேன்.

"என்ன சொன்ன?"

"முடியாதுன்னேன் மச்சான். அவ எம்மக. நாந்தான் குடுப்பேன். நீங்க கிட்னிதான் குடுத்தீங்க, பொண்ணப் பெத்துக் குடுக்கல."

இன்னொரு துண்டு கறுத்தது. கொக்கியை விட்டுக் குமிழிகள் கொத்துக் கொத்தாகக் கழன்று ஓடுவதை என் கண்ணால் பார்த்தேன். உடனே சோலைமலைக்குத் தாம் பேசியது உறைத்துவிட்டது. "ஐயோ, மன்னிச்சிருங்க மச்சான், ஏதோ வாய்..."

குபீரென்று மஞ்சள்.

"மன்னிப்புக் கேக்காதீங்க," என்று நான் கத்திவிட்டேன். "திட்டுங்க. நிறுத்தாதீங்க."

"யாரங்க?"

"இவரத்தான். நல்லாத் திட்டுங்க."

"தெய்வத்தயா?"

"டாக்டர் சொல்றேன்ல."

டாக்டர் சொன்னால் நம் ஊரில் மறுபேச்சு இல்லை என்று முன்பே சொன்னேன். சோலைமலை ஒரு மூச்சு இழுத்தார். பிறகு பஸ் ஸ்டாண்டில் கேட்கிற குரல் அந்த அறைக்குள் வந்தது.

"தெனம் காலையில ஆறு மணிக்கு போனப் போட்டு 'நம்ம ஆளு எப்படி இருக்கான்'னு கேப்பீங்களே, அது என்னயவா, கிட்னியவா? மூணு வருசத்துல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, 'மாப்ள எப்படி இருக்க'ன்னு கேட்டிருப்பீங்களா? ஒரு ஊறுகா தொட்டா 'என் கிட்னிக்கு உப்பு ஆகாது.' மாரியம்மன் திருவிழால மைக்குல, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல, 'கிட்னி உபயம் பூமிராஜ்'. டியூப்லைட்டா குடுத்தீங்க, உபயம்னு எழுத? ஆபரேசன் வீடியோவ சாம்பார் ஊத்தும்போது ஓட்டுவாராம். பாயசம் கூடாதாம். பச்சப் பட்டாம். போங்கய்யா."

திரையில் கறுப்பு விரிந்துகொண்டே போனது. ஓரத்தில் மட்டும் நூல் போல ஒரு மஞ்சள் நின்றது. நான் பூமிராஜைத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெரிய மனிதர் எழுந்து நின்றிருந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கண் கலங்கியிருந்தது.

"பேசி முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"இதப் பேச ஒனக்கு மூணு வருசமா?" என்றார் பூமிராஜ். "கிட்னி குடுக்கறதுக்கு முன்ன ஞாயித்துக்கெழமையானா எவ்வளவு சண்டை போடுவோம். என் வீட்டுக் கறிச்சோத்தத் தின்னுக்கிட்டே என் மைக் செட்டு கர்ருங்குதுன்னு சொல்லுவ. நான் தட்டத் தூக்கி எறிவேன். மறு வாரமும் வந்து நிப்ப. ஆபரேசனுக்கு அப்புறம் ஒன் வாயில இருந்து என்ன வந்துச்சு? 'சரிங்க மச்சான், நல்லாருக்கு மச்சான், ஒக்காருங்க மச்சான்.' மனுசன்கிட்ட பேசுற மாதிரியா பேசுன? உண்டியல்கிட்ட பேசுற மாதிரி பேசுன."

"நீங்க உசுரக் குடுத்தவரு. ஒங்கள எதுத்து எப்படிப் பேச?"

"அதான். ஒரு கிட்னி போனது எனக்குத் தெரியவே இல்ல மாப்ள. இருக்குற ஒண்ணு நல்லா ஓடுது. நீ போனதுதான் தெரிஞ்சுச்சு." அவர் மூக்கை உறிஞ்சினார். "எம் மருமக கல்யாணப் பத்திரிகையில என்னயக் கொண்டுபோய் சாமியாக்கி, மாமன் எடத்துல தம்பி பேரப் போட்டுட்ட. அதுக்கும் நானே வந்து கேக்கணுமா? சரி, எதுக்காவது கோவப்படுவன்னு பாத்தேன். திருவிழால மைக்குல சொன்னேன், சிரிச்ச. சமையக்காரன மாத்துன்னேன், மாத்துன. எவனாவது கல்யாணத்துல பாயசம் வேணாம்பானா? அதுக்குக் கூட நீ சண்டைக்கு வரல. அதான் இன்னைக்கு எம் மருமகளத் தாரை வாக்குற உரிமையையே கேட்டேன். இதுக்கும் தலையாட்டியிருந்தன்னா, சத்தியமா, ஊர விட்டே போயிருப்பேன்."

அந்தக் கடைசி மஞ்சள் நூலும் அறுந்து போனது. திரையில் ஒரு கிட்னி, சும்மா ஒரு கிட்னியாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. இந்திராணி ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தார்.

பிறகு சோலைமலை கேட்டார், "அப்ப அந்த இருபதடித் திரை?"

"ஆர்டரே குடுக்கல."

"பச்சப் பட்டு?"

"அது நெசமாவே நல்லாருக்கும்."

"வாழமட்ட மாதிரி இருக்கும்."

"ஒனக்கு என்னய்யா தெரியும் கலரப் பத்தி? பஸ்ஸு கலரு தெரியும்."

அப்போது ரங்கநாதன் கதவைத் திறந்துகொண்டு வந்தார். முதலில் திரையைத்தான் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா எஸ்தர்? முதலாளி பக்கத்துல வந்ததும் அடங்கிடுச்சு. விசுவாசம். அப்படியே எழுதுங்க. ஆயுசு முழுக்க மச்சான் மனசு கோணாம நடந்துக்கணும்."

என் வாய் 'சரி' என்று சொல்லத் திறந்துவிட்டது. இந்த அறிக்கையில் நான் எழுதுவதைத்தான் சோலைமலை ஆயுசு முழுக்கச் செய்வார். நடந்துகொள்வார், நடந்துகொள்வார், ஒரு நாள் கிட்னி செத்துப்போகும்.

"தப்பு சார்," என்றேன்.

அவர் பின்னால் வேறு யாராவது சார் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தார்.

"கிட்னிக்கு மச்சானையும் தெரியாது, முதலாளியையும் தெரியாது சார். அதுக்குத் தெரிஞ்சது அது இருக்குற உடம்பு மட்டும்தான். இவர் வாயில வர்றத எல்லாம் விழுங்கி விழுங்கி வெச்சாரு, அந்த உளைச்சல் ரத்தத்துல போயி அங்க முட்டிச்சு. நாம இன்னும் விழுங்கச் சொன்னோம். நீங்க சொன்னீங்க, நான் தலையாட்டினேன்."

பதிவான காட்சியை ஆரம்பத்தில் இருந்து ஓட்டிக் காட்டினேன். 'பாக்கியம்' என்ற சொல்லுக்கு மஞ்சள், 'முடியாது'க்குக் கறுப்பு, மன்னிப்புக்கு மஞ்சள், 'உபயம்' வந்ததும் ஒரே கறுப்பு. ரங்கநாதன் இரண்டு தடவை பார்த்தார். மனுஷருக்குக் கோபம் வந்திருக்கும். வரட்டும் என்று இருந்தேன். எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது, இனி அதை விடுவதாக இல்லை.

"என்ன எழுதப் போறீங்க?" என்றார் கடைசியில்.

"மச்சானுடன் சண்டை. வாரம் இரண்டு முறை. சாப்பாட்டுக்குப் பின்."

"இப்ப அளவு கம்மியா இருக்கு," என்றார் ரங்கநாதன், கண்ணாடியைக் கழற்றாமலே. "கல்யாணம் முடியுற வரைக்கும் தினமும் குடுங்க."

நான் எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, வராண்டாவில் கூட்டம் கூடியிருந்தது. நடுவில் சோலைமலையும் பூமிராஜும் மூக்கோடு மூக்கு மோதுகிற தூரத்தில் நின்றார்கள். பந்தியில் இலைக்கு எந்தப் பக்கத்தில் பாயசம் வைப்பது என்பதில் சண்டை. ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்திருந்தார். செக்யூரிட்டிக்காரர் தடியை ஊன்றிக்கொண்டு ஓடிவந்து நடுவில் புகப் பார்த்தார்.

இந்திராணி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"விடுங்கண்ணே," என்றார். "மருந்து சாப்புட்டுக்கிட்டு இருக்காங்க."